ஜன்னலுக்கு வெளியே மலை, அதில் ஓர் எண் பலகை: ஹாங்காங் நில அமைப்பு பற்றி ஒரு சந்தேகம்

#1 புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி ஹாங்காங் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சுன் வான் பக்கம் நான்காவது மாடியில் வீடு. ஊரில் கிளம்பும்போது எல்லோரும் சொன்னது, "அங்கே கட்டடத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது, ஒரு மரம் பார்க்க முடியாது" என்பதுதான். வந்து பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. பேருந்தில் பத்து நிமிடம் போனால் காடு.

என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இருபது அடி தூரத்தில் ஒரு செங்குத்துச் சரிவு நிற்கிறது. மண் தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறத்தில் சிமென்ட் பூச்சு. அதில் வரிசையாகச் சின்னக் குழாய்கள் எட்டிப் பார்க்கின்றன. அங்கங்கே வட்ட வட்டமாக ஏதோ அடையாளங்கள். அடியில் ஓர் எண் பலகை. தெருவில் நடந்தால் எல்லாச் சரிவிலும் இதே மாதிரி பலகை.

எனக்கு இரண்டு சந்தேகம். அந்த எண் எதற்கு? அப்புறம், இவ்வளவு காடும் மலையும் சும்மா கிடக்கும்போது, ஏன் நாங்கள் நான்கு பேர் முந்நூறு சதுர அடியில் முட்டிக்கொண்டு இருக்கிறோம்?

#2 திருவொற்றியூரான்

நான் அங்கே வந்ததில்லை, படித்ததை வைத்துச் சொல்கிறேன். மொத்த நிலம் சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், மக்கள் 75 லட்சம். அதில் கட்டடம், சாலை எல்லாம் சேர்த்தே கால் பங்குதான். சுமார் 40 சதவீதம் காட்டுப் பூங்கா என்று சட்டம் போட்டு ஒதுக்கிவிட்டார்கள். மலையில் கட்ட முடியாது, அதனால் இடம் இல்லை, அதனால் வாடகை அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

#3 சரிவுக்காரன்

தம்பி புதுவரவு, இது என் தொழில். பதினாறு வருடமாக இங்கே சரிவுகளைப் பலப்படுத்தும் வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் பலகை அந்தச் சரிவின் பதிவு எண். ஹாங்காங்கில் மனிதன் வெட்டியோ கொட்டியோ உண்டாக்கிய சரிவுகளும் தாங்குசுவர்களும் சுமார் 60,000 பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு கோப்பு, பராமரிக்க வேண்டியவர் யார் என்ற விவரம்.

ஏன் இந்தப் பாடு என்றால் பாறையில் தொடங்க வேண்டும். இங்கே கிரானைட் நிறைய. கிரானைட் என்றதும் நாம் கோயில் தூணை நினைப்போம், இங்கே அப்படியில்லை. வெயிலும் மழையும் பல லட்சம் ஆண்டு ஊறி, மேல்பகுதி மக்கிப்போய்விட்டது. சில இடங்களில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மக்கியிருக்கும். பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும், பழைய வெடிப்புக் கோடுகூடத் தெரியும். கையில் எடுத்து நசுக்கினால் மணலாக உதிரும்.

இந்த மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். கடற்கரையில் பிள்ளைகள் ஈர மணலில் கோபுரம் கட்டுகிறார்களே, அதுபோல. மணலுக்கு இடையில் இருக்கும் கொஞ்சம் ஈரமே துகள்களை இழுத்துப் பிடித்து வைக்கிறது. ஆனால் தண்ணீர் முழுக்க நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். அலை வந்ததும் கோபுரம் என்ன ஆகுமோ அதுதான் மலைக்கும்.

1972 ஜூன் 18 அன்று இரண்டு இடங்களில் இது நடந்தது. மூன்று நாள் விடாத மழை. சாவ் மாவ் பிங் என்ற இடத்தில் சரியாகத் திமிசு போட்டு இறுக்காமல் கொட்டி வைத்திருந்த மண்கரை கரைந்து, கீழே குடிசைகளில் இருந்தவர்கள் மேல் இறங்கியது. 71 பேர் போனார்கள். அதே நாள் இரவு, ஹாங்காங் தீவின் மிட் லெவல்ஸ் பகுதியில் போ ஷான் சாலைக்கு மேலே இருந்த சரிவு இறங்கி, 12 மாடிக் கட்டடம் ஒன்றை அடியோடு சாய்த்தது. 67 பேர். ஒரு பக்கம் ஏழைகளின் குடியிருப்பு, இன்னொரு பக்கம் வசதியானவர்களின் அடுக்குமாடி. மழை இரண்டையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.

1976-இல் சாவ் மாவ் பிங்கிலேயே இன்னொரு கரை சரிந்து 18 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1977-இல், சரிவுகளுக்கென்றே அரசு ஒரு தனி அலுவலகம் தொடங்கியது. இப்போது எந்தக் கட்டடம் கட்டினாலும், சரிவை எவ்வளவு வெட்டலாம் என்று அவர்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

குழாய்கள் உள்ளே தேங்கும் தண்ணீரை வெளியே விட. பூச்சு, மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்க. வட்ட அடையாளங்கள் பெரும்பாலும் மண் ஆணிகளின் தலையாக இருக்கும். நீளமான இரும்புக் கம்பியைச் சரிவுக்குள் துளைபோட்டுச் செருகி, சுற்றிலும் சிமென்ட் பால் ஊற்றி இறுக்குவோம்.

ஒரு விஷயம், நம்மவர்களுக்குப் பிடிக்கும். பழைய சரிவுகளில் சிமென்ட், சுண்ணாம்பு, மக்கிய கிரானைட் மண் மூன்றையும் குழைத்துப் பூசியிருப்பார்கள். 1:3:20 என்ற கணக்கு. அதன் பெயர் இங்கே பொறியாளர் கையேட்டில் இன்றும் "சுனம்".

#4 பாறைப்பித்து

சரிவுக்காரன் அண்ணா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது நம் சுண்ணம்தான். சென்னையில் கம்பெனிக்காரர்கள் கட்டிய வீடுகளின் சங்குச் சுண்ணாம்புப் பூச்சை "மெட்ராஸ் சுனம்" என்றே சொன்னார்கள், பளிங்கு மாதிரி மின்னும் என்று. சொல் கப்பலேறி அங்கே ஒரு மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். ஒன்று சேர்க்க வேண்டும். ஹாங்காங் முழுக்கக் கிரானைட் இல்லை. பெரும்பகுதி எரிமலைப் பாறை. ஏறக்குறைய 16 கோடி ஆண்டுக்கும் 14 கோடி ஆண்டுக்கும் இடையில், அங்கே எரிமலைகள் பலமுறை வெடித்துச் சாம்பலைக் கொட்டின. அந்தச் சாம்பல் இறுகியதுதான் உயரமான மலைகள். டாய் மோ ஷான் 957 மீட்டர், லாண்டாவ் தீவின் பெரிய சிகரம் 934 மீட்டர். அதே காலத்தில் வெளியே வராமல் அடியிலேயே ஆறிப்போன குழம்பு கிரானைட் ஆனது.

எரிமலைப் பாறை அரிப்பைத் தாங்கும். கிரானைட் மக்கும், கரையும், தாழும். ஹாங்காங் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கவுலூன் சமதளமும் நடுத் துறைமுகமும் அந்தக் கிரானைட் பள்ளத்தில் இருக்கின்றன. சுற்றி நிற்கும் உயரமான மேடுகளில் பெரும்பாலானவை எரிமலைப் பாறை. எந்த இடம் குழியானதோ அங்கே கடல் வந்தது, கடல் வந்த இடத்தில் துறைமுகம், துறைமுகத்தைச் சுற்றி ஊர். பாறை வரைபடத்தையும் மக்கள் நெருக்க வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

#5 துங்சுங்_அம்மா

மேடம், ஆனால் சிங்கப் பாறை கிரானைட் என்று என் மகனின் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதே? அது உயரமாகத்தானே நிற்கிறது?

#6 பாறைப்பித்து

சரியான கேள்வி. சிங்கப் பாறை கிரானைட்தான், 495 மீட்டர். அங்கே வெடிப்புகள் குறைவாக இருந்த பாறை தப்பித்து நிற்கிறது. கிரானைட் மக்குவது வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்குவதால். வெடிப்பு நெருக்கமாக இருந்த இடம் தாழ்ந்தது, இல்லாத இடம் மொட்டையாக நின்றது. நான் எழுதியதில் "பெரும்பாலானவை" என்ற சொல்லை அதற்காகத்தான் போட்டேன். இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

#7 கப்பல்_சங்கு

முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். தெற்கிலிருந்து விடியற்காலையில் ஹாங்காங்கை நெருங்கினால் முதலில் தெரிவது தீவுகள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. மொத்தம் 260-க்கு மேல். ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்து நேராக எழும். எங்கும் மணல்மேடோ ஆற்று முகமோ இல்லாமல் மலையே கடலுக்குள் கால் வைத்திருக்கும்.

எங்கள் கேப்டன் சொல்வார்: இது கரை இல்லை, மூழ்கிப்போன மலைத்தொடர். பிறகு படித்தபோது அது உண்மை என்று தெரிந்தது. பனி யுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. கரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. இன்றைய தீவுகள் அன்று குன்றுகள், விக்டோரியா துறைமுகம் ஒரு பள்ளத்தாக்கு. பனி உருகியதும் கடல் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் ஏறி வந்தது.

மாலுமிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. ஆழம் இயற்கையிலேயே உண்டு. தெற்கே ஹாங்காங் தீவின் மலை, வடக்கே கவுலூன் மலைகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒரு மறைவு கிடைக்கும். 1842-இல் ஆங்கிலேயர்கள் தீவை வாங்கிக்கொண்டது இந்தத் தண்ணீருக்காகத்தான். நிலத்தைப் பார்த்திருந்தால் யாரும் அங்கே ஊர் கட்ட வந்திருக்க மாட்டார்கள்.

#8 திருவொற்றியூரான்

அருமை ஐயா. அப்படியென்றால் நான் சொன்னதுதானே, மலை இருப்பதால் இடமில்லை?

#9 துங்சுங்_அம்மா

அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். வடமேற்கில் யுவன் லாங் பக்கம் போய்ப் பாருங்கள். ஆற்று வண்டல் படிந்த தட்டையான நிலம். ஒரு காலத்தில் நெல்வயல், பிறகு மீன்குளம். இன்று அதில் பெரும் பகுதி கன்டெய்னர் அடுக்கிய மைதானமும் பழைய வண்டி நிறுத்தமுமாகக் கிடக்கிறது. அங்கே கட்டடம் வராததற்குக் காரணம் நிலத்தின் உரிமை, குத்தகை, யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்ற இழுபறி.

ஒட்டுமொத்தமாக மலையைக் குற்றம் சொல்வது சுலபம். வாடகைக்கு மலை மட்டும் பொறுப்பில்லை. கூண்டு மாதிரி அறையில் கிடக்கும் கிழவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் "பாறை அப்படி" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

#10 சரிவுக்காரன்

அம்மா சொல்வது நியாயம். நானும் ஒன்று சொல்ல வேண்டும். காட்டுப் பூங்காச் சட்டம் 1976-இல் வந்தது. அதில் அடங்கியவை பெரும்பாலும் நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள மலைகள். காடு என்று நாம் பார்ப்பதும் ஆதிக்காடு அல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன் விறகுக்கும், போரின்போது எல்லாவற்றுக்கும் வெட்டித் தீர்த்து, மலைகள் மொட்டையாகக் கிடந்தன. பிறகு நட்டு வளர்த்த மரங்கள்தான் பெரும்பாலும். மரம் இல்லாத மலையில் மழை பெய்தால் மண் முழுக்க நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். அழகுக்காக மட்டும் வைத்த காடு என்று நினைக்க வேண்டாம்.

#11 புதுவரவு

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. நீர்த்தேக்கம் என்றதும் இன்னொரு சந்தேகம். இங்கே ஆறே கண்ணில் படவில்லையே. குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவறையில் வரும் தண்ணீரில் உப்பு வாடை வருவதுபோல எனக்கு மட்டும்தான் தோன்றுகிறதா?

#12 துங்சுங்_அம்மா

தோன்றுவது சரிதான் தம்பி, அது கடல்நீரே. ஐந்தில் நான்கு பேர் வீட்டுக் கழிவறைக்குக் கடல்நீர்தான். 1950-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார்கள். நல்ல தண்ணீரைக் கழிவறையில் ஊற்ற இந்த ஊருக்குக் கட்டுப்படியாகாது.

#13 சரிவுக்காரன்

ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை. சென்னையைப்போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு. ஆனாலும் தண்ணீர் நிற்க இடமில்லை. ஓடைகள் குட்டையானவை, செங்குத்தானவை. பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கடலில் இருக்கும். பெரிய ஆறோ இயற்கை ஏரியோ கிடையாது. அதனால் மலையின் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஓடி வரும் நீரை வழிமறித்து அணைக்குத் திருப்பினார்கள். மலைநடை போகும்போது பல இடங்களில் அந்த வாய்க்கால் கரையில்தான் நடப்பீர்கள்.

1963-இல் பெரும் வறட்சி. நான்கு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு புயல் வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. அப்புறம் செய்தது என்ன தெரியுமா? நிலத்தில் இடம் இல்லையென்று கடலில் அணை கட்டினார்கள். ப்ளோவர் கோவ் என்ற வளைகுடாவின் வாயை இரண்டு கிலோமீட்டர் அணையால் அடைத்து, உப்புநீரை இறைத்து வெளியே கொட்டி, மழைநீரால் நிரப்பினார்கள். 1968-இல் முடிந்தது. பத்து ஆண்டு கழித்து ஹை ஐலண்டு என்ற தீவுக்கும் கரைக்கும் இடையில் இருந்த கடல்வழியை இரு முனையிலும் அடைத்து இன்னொன்று. அது சுமார் 28 கோடி கன மீட்டர். நம் கணக்கில் பத்து டிஎம்சி, அதாவது செம்பரம்பாக்கம் ஏரியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இருந்தும் போதவில்லை. இன்று தண்ணீரில் 70 முதல் 80 சதவீதம் குவாங்டாங் மாகாணத்தின் டோங்ஜியாங் ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. 1965 முதல்.

#14 பாறைப்பித்து

அந்த ஹை ஐலண்டு கிழக்கு அணைக்குக் கட்டாயம் போங்கள். பாறை அங்கே அறுகோணத் தூண்களாக நிற்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் அகலம், ஆளுயரத்தைப்போலப் பல மடங்கு நெட்டை. 14 கோடி ஆண்டுக்கு முன் பெரும் எரிமலை வெடித்து, வாய்க்குள்ளேயே விழுந்த சூடான சாம்பல் மெதுவாக ஆறிச் சுருங்கியபோது பிளந்த வடிவம் அது. உலகத்தில் இத்தகைய தூண்கள் பெரும்பாலும் கரும் எரிமலைக் குழம்பில்தான் அமையும். இங்கே சிலிக்கா மிகுந்த வெளிர் பாறையில், அதுவும் கடலடியையும் சேர்த்து சுமார் நூறு சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. ஓர் இடத்தில் தூண்கள் ஆறி இறுகும் முன்பே வளைந்து நிற்கும். மாணவர்களுக்குப் படத்தில் காட்டிக் காட்டி, நேரில் பார்த்த அன்று பேச்சே வரவில்லை.

#15 கப்பல்_சங்கு

நிலம் நிரப்பியதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தீவில் டிராமில் ஏறினால் அது பெரும்பாலும் பழைய கடலின் மேல் போகிறது. குவீன்ஸ் ரோடு ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது? பழைய கரையை ஒட்டிப் போட்ட சாலை அது. அதற்கு வடக்கே இருக்கும் கோபுரம் எல்லாம் கொட்டிய மண்ணில் நிற்பவை. யாவ் மா டேயில் இருக்கும் டின் ஹாவ் கோயில், கடல் தெய்வத்தின் கோயில், ஒரு காலத்தில் தண்ணீரைப் பார்த்து இருந்தது. இன்று அதன் வாசலில் நின்றால் கடல் வாடைகூட வராது.

இதுவரை கடலிலிருந்து எடுத்தது 70 சதுர கிலோமீட்டருக்கு மேல். துறைமுகம் ஆறுபோலக் குறுகிவிட்டது. முன்பு படகுகள் தாராளமாகத் திரும்பிய இடத்தில் இப்போது அலை இரு கரைச் சுவரிலும் மோதித் திரும்பி, தண்ணீர் எந்நேரமும் குலுங்கிக்கொண்டே இருக்கும். 1997-இல் துறைமுகத்தைக் காக்கச் சட்டம் வந்தது, கொஞ்சம் தாமதம் என்பது என் வருத்தம்.

விமான நிலையமும் அப்படித்தான். இரண்டு தீவுகளைத் தரைமட்டமாக்கி, அந்தக் கல்லையும் கொட்டி உண்டாக்கிய மேடை. நாலில் மூன்று பங்கு முன்பு கடல். 1998 ஜூலையில் திறந்தது. அதற்கு முன் பழைய விமான நிலையமான காய் டாக்கில் இறங்கும்போது, மலை நேரே நிற்பதால் விமானம் கடைசி நிமிடத்தில் வலது பக்கம் திரும்பிக் கட்டடங்களை உரசுவதுபோல இறங்கும். இரண்டு முறை அனுபவித்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

#16 திருவொற்றியூரான்

துங்சுங் அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் அவசரப்பட்டு ஒரே காரணமாகச் சொல்லிவிட்டேன். மலை எங்கே கட்டலாம் என்பதைச் சொல்கிறது, யாருக்குக் கட்டுவது என்பதை அது சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

புயல் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் புயல் கூண்டு ஏற்றினால் கடல் ஊருக்குள் வருமோ என்றுதான் முதல் பயம். இவ்வளவு மலை இருக்கும் ஊரில் அந்தப் பயம் உண்டா?

#17 துங்சுங்_அம்மா

உண்டு. இங்கேயும் முன்பு கூண்டுதான் ஏற்றுவார்கள். இப்போது எண் மட்டும் அறிவிப்பார்கள். 8 வந்தால் பள்ளி, அலுவலகம், கடை எல்லாம் மூடிவிடும். 2018 செப்டம்பரில் மாங்குட் வந்தபோது 10. துறைமுகத்தில் கடல் வழக்கத்தைவிட 2.35 மீட்டர் ஏறியது, டாய் போ பக்கம் 3.4 மீட்டர். டோலோ கால்வாய் நீளமான குறுகிய பள்ளம், வடகிழக்கே வாய் திறந்தது. காற்று தள்ளும் தண்ணீர் உள்ளே வந்தால் ஒதுங்க இடமின்றி உயரும். அன்று எங்கள் கட்டடம் ஆடியதை நான் உணர்ந்தேன். மறுநாள் தெருவெல்லாம் மரம்.

காற்றைவிட மழைக்கு எனக்குப் பயம் அதிகம். 2023 செப்டம்பர் 7 இரவு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் 158.1 மில்லிமீட்டர். 1884-இலிருந்து இருக்கும் பதிவில் ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்ததில்லை. ஷெக் ஓ ஊருக்குப் போகும் சாலை சரிந்து துண்டிக்கப்பட்டது.

#18 சரிவுக்காரன்

அன்று இரவு நான் தூங்கவில்லை. நாங்கள் ஆணி அடித்த சரிவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

#19 புதுவரவு

ஞாயிற்றுக்கிழமை கிழக்கு அணைக்குப் போய் வந்தோம். மூடுபனி, மேலே பாதி தெரியவில்லை. ஆனாலும் அந்த வளைந்த தூணில் மகள் கையை வைத்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். பாக் டாம் சுங்குக்கு அப்பால் சொந்த வண்டி விட மாட்டார்கள், சாய் குங்கிலிருந்து டாக்சியில் போனோம். போகிறவர்களுக்குச் சொல்கிறேன், தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. கீழே இறங்கி எங்கள் சரிவின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து, அரசின் சரிவுத் தகவல் தளத்தில் தேடினேன். 1977-க்கு முன் வெட்டியது, பிறகு ஆணி அடித்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். வட்ட அடையாளங்கள் அண்ணன் சொன்னதேதான், எண்ணிப் பார்த்தேன், 44. பராமரிப்புப் பொறுப்பு எங்கள் கட்டடத்து உரிமையாளர்களுடையது என்று போட்டிருக்கிறது. குழாய்களில் மூன்றில் செடி முளைத்து அடைத்திருக்கிறது. இது பெரிய விஷயமா?

#20 சரிவுக்காரன்

ஆமாம் தம்பி, விட்டுவிடாதீர்கள். குழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். இப்போது மார்ச். ஆண்டு மழையில் எண்பது சதவீதம் மே முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். படம் எடுத்து, பதிவு எண்ணையும் எழுதி, கட்டட நிர்வாகத்திடம் கொடுங்கள். மேலே போகும் படிக்கட்டு ஓரம் ஒரு வடிகால் இருக்கும், அதில் இலை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும். ஏதாவது புது வெடிப்பு தெரிந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.